லித்தியம் கலந்த மைக்கா எங்கே கிடைக்கும்? – வாசகர் கேள்வி பதில்

மின்சார வாகனங்களின் மின்கலத்துக்குத் தேவையான லித்தியத்தில் ஒரு பகுதி மைக்கா (காக்காப்பொன்) இனத்துக் கனிமங்களிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற செய்தி நாளேடுகளில் அடிபடத் தொடங்கியதிலிருந்து, ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து இதுபற்றிய கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறோம்.

கேள்வி: ஆற்றங்கரையில் வைகை கடலில் சேரும் இடத்தில், மழைக்காலம் முடிந்து நீர் வடிந்ததும் மணலில் காக்காப்பொன் பளபளவென்று தெரிகிறது. ஈர மணலைக் கையில் அள்ளினால் செதில்கள் விரலில் ஒட்டிக்கொள்கின்றன. இதில் லித்தியம் இருக்கிறது என்றும், வெளியூர்க்காரர்கள் சாக்குக் கணக்கில் வாங்கப்போகிறார்கள் என்றும் ஊரில் பேச்சாக இருக்கிறது. உண்மையா?
– ஒரு வாசகர், ஆற்றங்கரை

பதில்: வெறும் வாயை மெல்பவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான் இது. நீங்கள் விரலில் பார்க்கும் செதில் மைக்கா என்பதில் ஐயமில்லை. ஆனால் அது லித்தியத்துக்காக எவரும் தேடும் மைக்கா அல்ல.

வைகை வருசநாட்டு மலைகளில் தொடங்கித் தேனி, மதுரை, சிவகங்கை வழியாக உங்கள் ஊருக்கு வருகிறது. வழியெங்கும் அது அரித்துக்கொண்டு வருவது சார்னோகைட், நைஸ் ஆகிய மிகப் பழைய பாறைகளை. அந்த நைஸ் பாறைகளில் பயோடைட் என்னும் கறுப்பு மைக்கா தாராளமாக உண்டு. வெயிலிலும் மழையிலும் கிடந்து சிதையும்போது பயோடைட் தன்னிடமுள்ள பொட்டாசியத்தைச் சிறுகச் சிறுக இழந்து, இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, கறுப்பு மங்கி வெண்கலப் பொன் நிறத்துக்கு மாறிவிடும். உங்கள் மணலில் பொன்போல மின்னுவது பெரும்பாலும் இதுதான். சாதாரணப் பயோடைட்டில் லித்தியம் சுவடளவுக்கு மட்டுமே இருக்கும். எடையில் பத்து லட்சத்துக்குச் சில நூறு பங்கைத் தாண்டுவது அரிது.

அது ஏன் உங்கள் பக்கத்தில் மட்டும் இவ்வளவு கண்ணில் படுகிறது என்றும் கேட்கலாம். மைக்காவின் அடர்த்தி மணலைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் தட்டையான செதிலாக இருப்பதால் நீரில் ஆடி ஆடி மெதுவாகவே கீழே இறங்கும். அலை வலுவாக அடிக்கும் இடத்தில் அதனால் தங்க முடியாது. பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்ததாகவும் பெரும்பாலான மாதங்களில் அலை அடங்கியதாகவும் இருப்பதால், ஆறு கொண்டுவந்த செதில்கள் சேற்றோடு சேர்ந்து அங்கே படிகின்றன. மன்னார் வளைகுடாப் பக்கத்து அலையோ செதில்களை அடித்துக்கொண்டு போய்விட்டு, இல்மனைட், கார்னெட் போன்ற கனத்த மணிகளைக் கறுப்பும் சிவப்புமான கோடுகளாகக் கரையில் விட்டுவைக்கும். அந்தக் கறுப்பு மணலில் டைட்டானியம் உண்டு. லித்தியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: லித்தியம் கலந்த மைக்கா என்பது மற்ற மைக்காவிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது? மைக்காவுக்குள் லித்தியம் எப்படிச் சென்று சேர்கிறது? மாணவர்களுக்கு விளக்கும் அளவில் எழுத வேண்டுகிறேன்.
– ஒரு பள்ளி ஆசிரியை, மண்டபம்

பதில்: மைக்கா எதுவாயினும் அதன் அமைப்பு ஒன்றே. சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனோடு பிணைந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே உலோக அயனிகள் கொண்ட ஓர் அடுக்கு இருக்கும்; இந்த மூன்றும் சேர்ந்த தொகுதியை அடுத்த தொகுதியோடு பொட்டாசியம் அயனிகள் தளர்வாகப் பிணைத்து வைத்திருக்கும். பொட்டாசியம் இருக்கும் இடத்தில் பிணைப்பு வலுவற்றதாதலால்தான் மைக்காவை நகத்தால் கீறி ஏடு ஏடாக உரிக்க முடிகிறது. நடு அடுக்கில் யார் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மைக்காவின் பெயர் மாறுகிறது. அலுமினியம் மட்டும் இருந்தால் அது மஸ்கவைட். பழைய இஸ்திரிப் பெட்டிக்குள் மின்கம்பி சுற்றியிருந்த கண்ணாடி போன்ற தகடு பெரும்பாலும் அதுதான். இரும்பும் மெக்னீசியமும் இருந்தால் பயோடைட். அலுமினியத்தோடு லித்தியமும் சேர்ந்து அமர்ந்தால் லெபிடோலைட். லித்தியம், அலுமினியம், இரும்பு மூன்றும் கலந்திருந்தால் சின்வால்டைட்.

லெபிடோலைட், சின்வால்டைட் இரண்டும் தனித்தனிக் கனிமங்கள் என்று பழைய பாடநூல்களில் இருக்கும். 1998-இல் பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் ஏற்ற மைக்கா வகைப்பாட்டின்படி அவை தனிக் கனிமத்தின் பெயர்களல்ல, ஒரு கனிமத் தொடருக்கு வழங்கும் பெயர்கள். டிரைலித்தியோனைட், பாலிலித்தியோனைட் ஆகிய இரு முனைகளுக்கு இடைப்பட்டவையெல்லாம் லெபிடோலைட். இரும்பு மிகுந்த சிடரோஃபில்லைட்டுக்கும் பாலிலித்தியோனைட்டுக்கும் இடைப்பட்ட கருஞ்சாயல் மைக்காக்கள் சின்வால்டைட். வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால் டிரைலித்தியோனைட்டில் ஏறத்தாழ 5.6 விழுக்காடும், பாலிலித்தியோனைட்டில் ஏறத்தாழ 7.7 விழுக்காடும் லித்தியம் ஆக்சைடு இருக்க வேண்டும். இயற்கையில் கிடைக்கும் லெபிடோலைட் பெரும்பாலும் இதற்குக் குறைவாகவே தரும். ஒப்பிட வேண்டுமானால், மைக்கா இனத்தைச் சேராத ஸ்போடுமீன் என்னும் கனிமத்தில் கணக்குப்படி 8 விழுக்காடு உண்டு.

லித்தியம் உள்ளே போகும் வழியை உங்கள் மாணவர்கள் தெருவிலிருந்தே புரிந்துகொள்வார்கள். உப்பளப் பாத்தியில் உப்பு இறுகி வார வார, உப்போடு சேராத பொருள்கள் எல்லாம் எஞ்சிய கசப்பு நீரில் செறிந்துகொண்டே போகும் அல்லவா? பூமிக்கு அடியில் கிரானைட் குழம்பு ஆறும்போது நடப்பதும் அதுவே. கிரானைட்டின் பெரும்பகுதியான ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய கனிமங்கள் முதலில் படிகமாகின்றன. லித்தியம் அவற்றுக்குள் எளிதில் இடம் பிடிப்பதில்லை. சீசியம், ரூபிடியம், பெரிலியம், டாண்டலம், போரான், ஃப்ளூரின், நீர் என்று ஒத்துவராத மற்றவற்றோடு சேர்ந்து அது கடைசிக் குழம்பில் தேங்குகிறது. போரானும் ஃப்ளூரினும் நீரும் அந்தக் குழம்பை நீர்க்கச் செய்து, மற்ற பாறை இறுகிய பின்பும் நெடுநேரம் உருகிய நிலையிலேயே வைத்திருக்கின்றன. அது சுற்றுப்புறப் பாறையின் வெடிப்புகளில் புகுந்து, பெரும் படிகங்கள் கொண்ட பெக்மடைட் என்னும் பாறையாக இறுகுகிறது.

பெக்மடைட் முழுவதும் லித்தியம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஓரத்தில் சாதாரண மஸ்கவைட்டும் கறுப்பு டூர்மலினும். உள்ளே போகப்போக ஸ்போடுமீனோ, லித்தியம் சேர்ந்த மற்றொரு கனிமமான பெட்டலைட்டோ. நடுவயிற்றுக்கு அருகில், குவார்ட்ஸும் வெண்தகட்டு ஃபெல்ட்ஸ்பாரும் இளஞ்சிவப்பு டூர்மலினும் கூடியிருக்கும் இடத்தில்தான் லெபிடோலைட் என்ற வரிசையைப் பல நல்ல பெக்மடைட்டுகளில் காணலாம். ஆகவே கடைசிக் குழம்பிலும் கடைசியாக வருவது இந்த மைக்கா. அதற்கு ஃப்ளூரினும் போதுமான அளவு தேவை. சின்வால்டைட்டின் வழி சற்று வேறு: கிரானைட்டின் உச்சியில் தேங்கிய சூடான ஃப்ளூரின் நீர்மம் ஏற்கெனவே இறுகிய பாறையையே அரித்து மாற்றி, குவார்ட்ஸும் மைக்காவும் புஷ்பராகமும் கொண்ட கிரைசன் என்னும் பாறையாக்கும்போது அது உருவாகிறது. வெள்ளீயத் தாதுவும் டங்ஸ்டன் தாதுவும் அங்கே கூடவே வரும்.

மாணவர்களுக்குச் சொல்லத்தக்க வரலாறும் உண்டு. லித்தியத்தை 1817-இல் சுவீடனின் ஊட்டோ தீவிலிருந்து வந்த பெட்டலைட் கல்லில் கண்டவர் யோஹன் ஆகஸ்ட் அர்ஃப்வெட்சன். அவரே பின்னர் ஸ்போடுமீனிலும் லெபிடோலைட்டிலும் அதைக் கண்டார். 1861-இல் ஜெர்மன் அறிவியலாளர்களான புன்செனும் கிர்க்காஃபும் நிறமாலைக் கருவியைக் கொண்டு ரூபிடியம் என்ற தனிமத்தை முதன்முதலில் கண்டறிந்ததும் லெபிடோலைட்டில்தான்.

கேள்வி: பாம்பன் கரையில் இளம் ஊதா நிறக் கல் ஒன்று கிடைத்தது. லெபிடோலைட் ஊதா நிறம் என்று இணையத்தில் படித்தேன். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– ஒரு கல்லூரி மாணவர், பாம்பன்

பதில்: நிறத்தை நம்பிக் களத்தில் இறங்க வேண்டாம். லெபிடோலைட்டுக்கு ஊதா நிறம் தருவது லித்தியம் அல்ல, அதில் சிறிதளவு கலந்துள்ள மாங்கனீசு. மாங்கனீசு குறைந்த லெபிடோலைட் சாம்பல், வெள்ளை, மஞ்சள் சாயல்களிலும் கிடைக்கிறது. மறுபுறம், லித்தியம் பெயரளவுக்கே உள்ள மஸ்கவைட்டும் மாங்கனீசு கலந்தால் ரோஜா நிறம் காட்டும். ஜார்க்கண்டின் கோடர்மாவில் கிடைத்து உலகெங்கும் விற்பனையான மாணிக்க மைக்காவும் செந்நிறம் கொண்ட மஸ்கவைட்தான்.

முதலில் கல் உரிகிறதா என்று பாருங்கள். ஊசி முனையைப் பக்கவாட்டில் செருகி நெம்பினால் மைக்கா ஏடாகப் பிரியும். பிரிந்த ஏட்டை வளைத்து விட்டால் துள்ளித் தன் நிலைக்குத் திரும்பும். திரும்பாமல் வளைந்தபடியே நின்றால் அது மைக்கா அல்ல. உப்பளத் தரையில் உப்புக்கு முன்பே படியும் ஜிப்சம் அப்படித்தான் வளையும். அதை நகத்தாலேயே கீறிவிடலாம். லெபிடோலைட் பல நேரங்களில் பெரிய ஏடாக இல்லாமல் பொடிச் செதில்களின் திரளாகவும் இருக்கும் என்பதால், உரியவில்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடவும் முடியாது. அடுத்து, ஓரத்தைச் சுரண்டி எடுத்த பொடியின் மீது எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அது சிப்பி அல்லது பவளத் துண்டு. பாம்பன் கரையில் கிடைக்கும் ஊதாத் துண்டுகளில் கணிசமானவை இந்தச் சோதனையோடு கழன்றுவிடும்.

இரண்டையும் தாண்டினால் சுடர்ச் சோதனை. கல்லை நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவிடுங்கள். கடலோரக் கல்லில் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால் உப்பிலுள்ள சோடியத்தின் மஞ்சள் சுடர் மற்ற எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும். பிறகு கடுகளவு சில்லு ஒன்றை இடுக்கியில் பிடித்து ஆய்வுக்கூடத்துப் புன்சென் சுடரின் ஓரத்தில் காட்டுங்கள். லெபிடோலைட் எளிதில் உருகிப் பொங்கிக் குமிழ் விடும். சுடரில் கருஞ்சிவப்புப் பரவும். மஸ்கவைட்டின் மெல்லிய விளிம்பு அதே சுடரில் லேசாக வெளுக்குமே தவிர அவ்வளவு எளிதில் உருகாது. சிப்பித் துகள் ஒட்டியிருந்தால் அதிலுள்ள கால்சியமும் செங்கல் நிறச் சாயல் காட்டி ஏமாற்றும். லெபிடோலைட்டில் ஃப்ளூரின் இருப்பதால் இதைக் காற்றோட்டமுள்ள ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் உடனிருக்கச் செய்யுங்கள். வீட்டு அடுப்பில் வேண்டாம்.

சிவப்புச் சுடர் வந்தாலும் அளவு தெரியாது. லித்தியம் மிக இலேசான தனிமமாதலால், நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்-கதிர் கருவி போன்றவற்றால் அதைக் காண இயலாது. அமிலத்தில் கரைத்து ஆய்வுக்கூடத்தில் அளப்பதே நம்பகமான வழி. அத்தகைய எக்ஸ்-கதிர்க் கைக்கருவியைக் காட்டி லித்தியம் இத்தனை விழுக்காடு என்று யாரேனும் சொன்னால் அவர் சொல்வதில் சாரமில்லை.

கேள்வி: உலகில் லெபிடோலைட், சின்வால்டைட் எந்தெந்த நாடுகளில் கிடைக்கின்றன? எங்கே உண்மையிலேயே சுரங்கம் நடக்கிறது?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: கிடைப்பது பல நாடுகளில்; மைக்காவிலிருந்து பேரளவில் லித்தியம் எடுப்பது சீனா. ஜியாங்சி மாநிலத்தின் யிச்சுன் நகரைச் சுற்றியுள்ள கிரானைட் மலைகளில் லெபிடோலைட் பாறையெங்கும் பொடியாகப் பரவிக் கிடக்கிறது. டாண்டலம், நியோபியம் ஆகிய உலோகங்களுக்காகத் தோண்டத் தொடங்கிய இடம், மின்கலச் சந்தை பெருகியதும் லித்தியத்துக்காகப் பெயர் பெற்றது.

தரத்தை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் நிலைமை விளங்கும். மின்கலத் தொழிலுக்கு விற்கப்படும் லித்தியம் உப்பான லித்தியம் கார்பனேட் 1 டன்னில் ஏறத்தாழ 0.4 டன் லித்தியம் ஆக்சைடு அடங்கும். பாறையில் லித்தியம் ஆக்சைடு 0.4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு துளியும் வீணாகாமல் எடுத்தால்கூட 1 டன் கார்பனேட்டுக்கு 100 டன் பாறையை உடைக்க வேண்டும். எஞ்சும் பாறைத்தூளை எங்கே கொட்டுவது என்பது தனிப் பிரச்சினை. அதோடு, மைக்காவில் பொட்டாசியத்தின் இடத்தில் தாலியம் என்னும் நச்சு உலோகமும் சிறிதளவு அமர்ந்திருக்கும். பாறையை வறுத்துக் கரைக்கும்போது அதுவும் வெளிவரும். 2022-இன் இறுதியில் யிச்சுன் பகுதி ஆற்று நீரில் தாலியம் காணப்பட்டதை அடுத்துச் சில லித்தியம் ஆலைகள் நிறுத்தப்பட்டன. பதப்படுத்தும் முறையும் எளிதல்ல. ஸ்போடுமீனை 1,000 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு, பிறகு கந்தக அமிலத்தோடு வேகவைப்பார்கள். லெபிடோலைட்டைப் பொதுவாக சல்ஃபேட் உப்புகளோடு சேர்த்து 900 பாகையை ஒட்டிய வெப்பத்தில் வறுத்து, நீரில் கரைத்தெடுக்கிறார்கள். அப்போது வெளிவரும் ஃப்ளூரின் சேர்ந்த வாயுவைப் பிடித்து அடக்குவதும் செலவு. லித்தியத்தின் விலை ஏறியிருக்கும்போது மட்டுமே கட்டுப்படியாகும் தாது இது என்பது என் கருத்து. விலை சரியும்போது முதலில் தள்ளாடுவதும் இவ்வகைச் சுரங்கங்களே.

ஐரோப்பாவில் பேசப்படும் திட்டங்களில் பல மைக்காவை நம்பியவை. செக் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான எல்லை மலைத்தொடரில், ஒருபுறம் சினோவெட்ஸ் என்றும் மறுபுறம் சின்வால்ட் என்றும் வழங்கும் இடம்தான் சின்வால்டைட்டுக்குப் பெயர் தந்தது. நூற்றாண்டுக் கணக்கில் வெள்ளீயம் தோண்டிய மலை அது. அன்று கழிவென்று ஒதுக்கிய மைக்காவைத்தான் இன்று இரு நாடுகளும் எண்ணிப் பார்க்கின்றன. பிரான்சின் அல்லியே பகுதியில் போவுவார் என்ற இடத்தில், வெண்களிமண் வெட்டிய குழிக்கு அடியிலுள்ள லெபிடோலைட் கிரானைட்டைத் தோண்டும் திட்டம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் செயின்ட் ஆஸ்டெல் வட்டாரத்திலும் வெண்களிமண் குழிகளை ஒட்டியே லித்தியம் மைக்கா உண்டு. கிரானைட்டின் ஃபெல்ட்ஸ்பார் மட்கித்தான் அந்த வெண்களிமண் ஆகிறது என்பதால் இந்தச் சேர்க்கை தற்செயல் அல்ல.

பெக்மடைட் வகையில், நமீபியாவின் கரிபிப், ஜிம்பாப்வேயின் பிகிட்டா, கனடாவின் மானிடோபா மாநிலத்து டாங்கோ சுரங்கம், போர்ச்சுக்கலின் கொன்சாலோ, பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ், கலிஃபோர்னியாவின் பாலா ஆகியவை லெபிடோலைட்டுக்குப் பெயர் பெற்றவை. பாலாவில் லெபிடோலைட்டோடு கிடைக்கும் இளஞ்சிவப்பு டூர்மலின் நகைக்கற்களின் மதிப்பே வேறு.

கேள்வி: காஷ்மீரில் கண்டது லித்தியம் மைக்காவா? இந்தியாவில் வேறு எங்கு உண்டு?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: காஷ்மீரில் கண்டது மைக்கா அன்று. ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்து சலால்-ஹைமானா பகுதியில் 59 லட்சம் டன் வளம் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்ததாக 2023 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. அது பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவோடு சேர்ந்த களிமண் பாறை. அங்கே பெக்மடைட் வகைத் தாது இல்லை. மேலும் 59 லட்சம் டன் என்பது தாதுவின் எடை, அதுவும் தொடக்கநிலை மதிப்பீடு. அந்த எண்ணை அப்படியே லித்தியம் உலோகத்தின் எடையாகப் படித்துக்கொண்டு எழுதப்பட்ட தலைப்புகளால்தான் இவ்வளவு குழப்பமும். அந்தப் பகுதியின் ஏலம் போதிய ஏலதாரர் இல்லாமல் 2024-இல் ரத்தானது. சத்தீஸ்கரின் கோர்பா மாவட்டத்துக் கட்கோராவிலுள்ள லித்தியப் பகுதி அதே ஆண்டில் ஏலம் போனது.

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் மர்லகல்லா-அல்லாபட்னா பகுதியில் அணுக் கனிமங்கள் இயக்ககம் மதிப்பிட்ட 1,600 டன் லித்தியம், ஸ்போடுமீன் கொண்ட பெக்மடைட்டைச் சேர்ந்தது. நீங்கள் கேட்ட மைக்கா வகைக்கு வருவோமானால், சத்தீஸ்கரின் பஸ்தர் வட்டாரத்தில் வெள்ளீயத் தாது தரும் பெக்மடைட்டுகளிலும், ஜார்க்கண்ட்-பிகார் மைக்கா வட்டாரத்தின் சில பெக்மடைட்டுகளிலும் லெபிடோலைட் உண்டு. ராஜஸ்தானின் டேகானாவில், பழைய டங்ஸ்டன் சுரங்கம் இருந்த குன்றில், சின்வால்டைட் வகை மைக்கா கிடைக்கிறது. அங்கே நாட்டின் தேவையைப் பெரும்பகுதி தீர்க்கும் லித்தியம் கிடைத்துவிட்டதாக 2023-இல் பரவிய செய்தியைப் புவியியல் ஆய்வுத் துறையே மறுத்தது. ஆந்திரத்தின் கூடூர் வட்டாரம் மைக்காவுக்கு நெடுநாளாகப் பெயர் பெற்றது. அதன் புகழ் மஸ்கவைட்டால் வந்தது.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் எரிவாயு கிடைக்கிறது. ஆழமாகத் தோண்டினால் லித்தியம் பாறையும் கிடைக்காதா?
– ஒரு வாசகர், பெருங்குளம்

பதில்: எரிவாயு கிடைப்பதே அதற்கு எதிரான சான்று. வழுதூர் மின்நிலையத்துக்கு எரிவாயு தரும் உங்கள் பகுதி, காவிரிப் படுகையின் தென்பகுதியான ராமநாதபுரம்-பாக் நீரிணைப் பள்ளத்தில் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் களியும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து அது நிரம்பியிருக்கிறது. அந்தப் படிவுகளில் புதைந்த உயிர்ப்பொருள் வெந்து உருவானதே எரிவாயு. லெபிடோலைட் தரும் கிரானைட்டும் பெக்மடைட்டும் பிறந்தது வேறு வகை நிலத்தில். உங்கள் கிணற்றில் களியும் மணலும் மாறி மாறி வரும். பாம்பன், ராமேசுவரம் பக்கம் பவளச் சுண்ணாம்பும் சிப்பி மணற்கல்லும் வரும். பழைய கெட்டிப் பாறையைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே சிவகங்கை, மதுரைப் பக்கம் போக வேண்டும்.

அங்கே போனாலும் பெரிய நம்பிக்கை வைப்பதற்கில்லை. மதுரை வட்டாரப் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து நீர் வற்றியவை. லித்தியம் பெக்மடைட்டுகள் பொதுவாக அதைவிட மிதமான வெப்பத்தில் மாறிய பாறைகளுக்குள் புகுந்து இறுகியவை. மண்டியாவின் சூழல் அதற்கு எடுத்துக்காட்டு. காங்கேயத்துக்கு அருகே படியூரில் கடல்நீல நிறப் பெரில் கற்கள் கிடைத்தன. அதைக்கொண்டு அங்கே லித்தியமும் உண்டு என்று முடிவு கட்டிவிட முடியாது. பெரிலியம் சேர்ந்த பெக்மடைட் எல்லாம் லித்தியம் சேரும் அளவுக்கு முதிர்வதில்லை.

கேள்வி: வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரில் லித்தியம் உண்டு என்கிறார்கள். அப்படியானால் கல்லைத் தேடுவானேன்?
– ஒரு வாசகர், வாலிநோக்கம்

பதில்: உண்டு, ஆனால் மிகச் சொற்பம். 1 லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 0.17 மில்லிகிராம் லித்தியம் இருக்கிறது. அந்த நீர் நாற்பதில் ஒரு பங்காக வற்றினாலும் லிட்டருக்கு 7 மில்லிகிராம் அளவுக்குத்தான் வரும். தென் அமெரிக்காவின் அட்டகாமா உப்புப் படுகை நீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. அளவைவிடப் பெரிய இடைஞ்சல் மெக்னீசியம். கடல்நீரில் லித்தியம் ஒரு பங்கு என்றால் மெக்னீசியம் 7,000 பங்குக்கு மேல். உப்பு இறுகும்போது அதுவும் லித்தியத்தோடு கசப்பு நீரிலேயே நின்றுவிடுகிறது. வேதிக்குணத்தில் இரண்டும் நெருங்கியவை என்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. உங்கள் கசப்பு நீரில் இன்றைக்குக் காசாகக் கூடியவை மெக்னீசியம் உப்புகளும் புரோமினும்தான்.

கேள்வி: சித்த மருத்துவத்தின் அப்பிரகச் செந்தூரத்தில் லித்தியம் இருக்குமா? மனநோய்க்கு லித்தியம் தருகிறார்களே?
– ஒரு வாசகி, ஏர்வாடி

பதில்: செந்தூரத்துக்குச் சிறந்ததெனக் கொள்ளப்படும் கிருஷ்ணாப்பிரகம் கறுப்பு மைக்கா, அதாவது பயோடைட் வகை. அதில் மருந்தாகக் கொள்ளும் அளவுக்கு லித்தியம் கிடையாது. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு மனநல மருத்துவத்தில் பயன்பாட்டுக்கு வந்தது லித்தியம் கார்பனேட் உப்பு. இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதித்துக்கொண்டே தர வேண்டிய மருந்து அது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: எங்கள் பட்டா நிலத்தில் லித்தியம் மைக்கா இருப்பதாகவும், முன்பணம் கட்டினால் குத்தகை உரிமம் வாங்கித் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், சாயல்குடி

பதில்: கொடுக்க வேண்டாம். 2023-இல் திருத்தப்பட்ட சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, லித்தியம் தாது அணுக் கனிமப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, முக்கியக் கனிமங்கள் என்ற பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. அப்பிரிவுக் கனிமங்களுக்கான சுரங்கக் குத்தகையையும், ஆய்வுக்கும் சுரங்கத்துக்கும் சேர்த்துத் தரும் கூட்டு உரிமத்தையும் மத்திய அரசே ஏலம் விடுகிறது. பட்டாதாரர் விரும்பியவருக்கு அந்த உரிமத்தை எழுதித் தரவோ, இடைத்தரகர் வாங்கித் தரவோ வழியில்லை. ஏலத்துக்கு முன் அரசு நிறுவனங்களோ அனுமதி பெற்ற ஆய்வு நிறுவனங்களோ நிலத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் காட்டுமாறு அவரிடம் கேளுங்கள். உங்கள் நிலத்து மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு இயங்கும் புவியியல் மற்றும் சுரங்கத்துறைப் பிரிவில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். சாயல்குடிப் பக்கம் மண்ணில் மின்னுவதும் ஆறுகளும் ஓடைகளும் மேற்கிலிருந்து அரித்துக் கொண்டுவந்த பயோடைட்டாகவே இருக்கும்.